படம் கொடுக்கும் வாக்கு

(காட்சிக் கலை, வடிவமைப்பு மாணவர்களிடையே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை இங்கே பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். அது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீராமலே இருக்கட்டும். எனக்கு இன்று வேண்டியது அங்கே நிற்கும் பூனை. பாறையின் நடுவில் கங்கை இறங்குவதாகக் கொள்ளும் பிளவு. அதற்கு ஒரு பக்கம், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, ஒற்றைக்காலில், விலா எலும்பு தெரிய நிற்கும் தவசி. மறுபக்கம், பெரிய யானையின் தந்தங்களுக்குக் கீழே ஒரு பூனை. அதுவும் எழுந்து நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் எலிகள்.

கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருவது. கங்கைக் கரையில் தவம் செய்வதாக நடித்த பூனை, நம்பி வந்த எலிகளைத் தின்று கொழுத்தது. போருக்கு முன் துரியோதனன் உலூகனைத் தூதனுப்பி, தருமரும் அந்தப் பூனையைப் போன்றவர்தான் என்று சொல்லச் சொல்கிறான். யார் யாரைப் பார்த்துச் சொல்வது என்று ஒரு கணக்கே இல்லை!

இதை ஒரு சிற்பியின் சிக்கலாக யோசித்துப் பாருங்கள். பொய்யைக் கல்லில் எப்படிக் காட்டுவது? இன்றைய கேலிச்சித்திரக்காரர் என்றால் பூனைக்கு ஓரக்கண் வைப்பார், நாக்கைத் தொங்கவிடுவார். பல்லவச் சிற்பி அந்த வழிக்கே போகவில்லை. மெய்த் தவசிக்குக் கொடுத்த நிலையையே பொய்த் தவசிக்கும் கொடுத்தார். எலிகளைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள், அது பக்தி மிகுந்த ஒரு பூனை. கையை எடுங்கள், அயோக்கியப் பூனை. அதன் உடம்பில் ஒரு கோடுகூட மாறவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது இதிலிருந்து தொடங்குகிறது. ஒரு படத்தைத் தனியே பிடித்து நிறுத்தி, நீ மெய்யா பொய்யா என்று கேட்டால் பதில் வராது. அது பார்ப்பவருக்கு என்ன வாக்குக் கொடுத்தது என்று கேட்டால்தான் வரும். அந்த வாக்கு எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் படத்துக்கு வெளியே: தலைப்பில், படக்குறிப்பில், கையெழுத்தில், அளவுகோலில், மூலையில் கிடக்கும் பொடி எழுத்தில். இவையெல்லாம் வடிவமைப்பாளரின் கைக்குள் இருப்பவை. அதனால்தான் ஓவியத்தின் உண்மையைப் பற்றிய இந்தப் பேச்சை வடிவமைப்பு மாணவர்களிடம் பேச ஒப்புக்கொண்டேன்.

வாய்மை என்றதும் வள்ளுவரை எதிர்பார்ப்பீர்கள். அவர் சொல்லை விளைவை வைத்து அளக்கிறார். தீங்கு தராதது வாய்மை, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் அந்த இடத்தைப் பெறும். பேச்சுக்கு இந்த அளவை போதும், ஏனென்றால் பேசுபவர் எதிரே கேட்பவர் இருக்கிறார். அச்சேறிய படம் அப்படியல்ல. யார் கைக்குப் போகும், எந்தச் சுவரில் ஒட்டப்படும் என்று வரைந்தவருக்குத் தெரியாது. விளைவை அளக்க முடியாத இடத்தில், கொடுத்த வாக்கைத்தான் அளக்க முடிகிறது.

புகைப்படம் பிறந்த உடனேயே பொய் சொல்லிவிட்டது என்று சொல்வதுண்டு. 1839இல் பாரிசில் தாகேர் தன் முறையை வெளியிட்டார்; பிரெஞ்சு அரசு அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. அதே நாட்களில் இப்போலித் பயார் என்ற அரசு ஊழியரும் தாளில் நேரடியாகப் படம் பதிக்கும் ஒரு முறையைக் கண்டிருந்தார். அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1840இல் பயார் தன்னைத்தானே ஒரு படம் எடுத்துக்கொண்டார்: இடுப்புக்கு மேல் வெற்றுடம்பு, மூடிய கண்கள், ஒரு பக்கம் சாய்ந்த தலை. படத்தின் பின்பக்கத்தில் எழுதினார்: இது பயாரின் பிணம், தாகேருக்கு வாரிக் கொடுத்த அரசு இவருக்கு ஒன்றும் செய்யாததால் நீரில் விழுந்து செத்தார், முகமும் கைகளும் அழுகத் தொடங்கிவிட்டன, பார்ப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்வது நல்லது. முகமும் கைகளும் கறுத்திருந்தது வெயில் பட்டதால். பயார் 1887 வரை சுகமாக வாழ்ந்தார்.

புகைப்பட வரலாற்றில் இதை முதல் பொய்ப்படம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்பக்கத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு மனிதர் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார். அவர் அப்படித்தான் சாய்ந்திருந்தார். பொய் முழுக்கப் பின்பக்கத்து மையில் இருக்கிறது. முதல் பொய்ப் படக்குறிப்பு என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கிரிமியப் போர். ரோஜர் ஃபென்டன் ஒரே பள்ளத்தாக்குச் சாலையை, கேமராவை நகர்த்தாமல் இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் சாலையோரப் பள்ளத்தில் மட்டும் கிடக்கின்றன. மற்றதில் சாலை நடுவிலும். எது முதலில் எடுத்தது? ஆவணப்பட இயக்குநர் எரால் மோரிஸ் இதற்காக அந்த இடத்துக்கே போய்வந்தார். விடை குண்டுகளில் கிடைக்கவில்லை, கூழாங்கற்களில் கிடைத்தது. இரண்டு படங்களுக்கும் இடையில் சரிவில் இருந்த சில சின்னக் கற்கள் கீழே உருண்டிருந்தன. கல் மேல்நோக்கி உருளாது. ஆகவே வெறும் சாலைதான் முந்தியது, குண்டுகள் பிறகு வந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் அதில் ஒரு மோசடியும் இல்லை. குண்டுகள் நிறைந்ததை மட்டும் மாட்டி, நான் போனபோது இப்படி இருந்தது என்ற நினைப்பை ஊட்டினால் நிலைமை வேறு.

நம் ஊர் ஸ்டூடியோக்களில் இந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. பின்னால் திரையில் தாஜ்மகால், அல்லது ஏரியும் அன்னமும். திருவிழாக் கடைகளில் அட்டை விமானத்தின் சன்னலில் தலையை நீட்டி ஒரு படம். அதைக் கூடத்தில் மாட்டினால், பார்த்தவர் யாரும் நீங்கள் ஆக்ராவுக்குப் போய்வந்தீர்களா என்று கேட்டதில்லை. திரை ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. அதே ஸ்டூடியோவின் உள்ளறையில் டச்சப் வேலை நடக்கும். சாய்வான கண்ணாடிப் பலகைக்கு அடியிலிருந்து வெளிச்சம் விட்டு, நெகட்டிவில் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். பரு மறையும், கண்ணுக்குக் கீழே கருவளையம் போகும், கொஞ்சம் கூடுதலாக வைத்தால் நிறமே ஒரு படி ஏறும். பள்ளிக்கூடக் குழுப்படத்தில் இதைச் செய்தால் ஒருவரும் ஏமாறப்போவதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்தில் செய்தால் அது வேறு காரியம். பென்சிலும் அதே, கையும் அதே. ஆனால் பெண் இந்த நிறம் என்று அந்தப் படம் உறை போட்டு வாக்கு அனுப்புகிறது. (அந்த வாக்கைக் கேட்டு வாங்கியவர்களின் நாணயத்தைப் பற்றி இன்னொரு சொற்பொழிவே வைக்கலாம். சிவப்பாகக் காட்டச் சொன்ன சமூகம், காட்டிய ஸ்டூடியோக்காரரைப் பொய்யர் என்று திட்டுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.)

கட்டடக் கலையில் நேர்மை என்ற பேச்சை மிகக் கடுமையாகத் தொடங்கிவைத்தவர் ஜான் ரஸ்கின். 1849இல் வந்த தம் நூலில் உண்மைக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஒரு கட்டடம் தன்னைத் தாங்குவது எது என்பதில் பொய் சொல்லக் கூடாது; மரத்துக்குச் சாயம் பூசிப் பளிங்காகக் காட்டக் கூடாது; இயந்திரம் வார்த்த பூவேலையைக் கைவேலையாக விற்கக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கட்டடக்காரர்கள் இதை வேதமாகவே எடுத்துக்கொண்டார்கள். சிமென்ட் சிமென்டாகத் தெரியட்டும், இரும்பு இரும்பாகத் தெரியட்டும். உங்கள் பாடத்திட்டத்திலும் இதன் எதிரொலி உண்டு.

இந்த அளவுகோலை நம் கற்களின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டுக் குடைவரையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஒரு கல்வெட்டு வைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை எடுத்ததாக அதில் பெருமைப்படுகிறான். பொருளைப் பற்றி இவ்வளவு வெளிப்படையான பிரகடனத்தை ரஸ்கினே கைதட்டி வரவேற்றிருப்பார். அதன்பின் ஒரு தலைமுறைக்குள் அதே பல்லவர்கள் மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைச் செதுக்குகிறார்கள். ஒற்றைக் கல், ஆனால் திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக் குடிசையின் கூரை. பீம ரதத்தில் வண்டிக் கூண்டு போல வளைந்த கூரை, மூங்கிலும் மரமும் வளைத்துக் கட்டிய காலத்து வடிவம். மேலே வரிசையாகக் கூடுகள், யாரும் எட்டிப் பார்க்க முடியாத சன்னல்கள். தூண் எதையும் சுமக்கவில்லை, ஏனென்றால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே பாறை. ரஸ்கின் கணக்கில் தலை முதல் கால் வரை பொய்.

பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கல்லைப் பார்த்து ஓலை என்று நம்பி மழைக்கு ஒழுகுமோ என்று கவலைப்பட்டவர் எவரும் இருந்திருக்க முடியாது. ரஸ்கினுக்கும் இது உள்ளூரத் தெரியும். அதே அத்தியாயத்தில், கட்டடத்தில் தங்க முலாம் பூசுவது ஏமாற்று ஆகாது, அதைத் தங்கமென்று எவரும் நினைப்பதில்லை; நகையில் பூசினால் ஏமாற்று, அங்கே தங்கமென்றே நினைப்பார்கள் என்று எழுதுகிறார். தன் கோட்டையின் சாவியைத் தானே வாசலில் வைத்துவிட்டுப் போனதாகவே இதை நான் வாசிக்கிறேன். கவரிங் கடையில் கவரிங் என்று பலகை போட்டு விற்கும் வளையலில் பொய் இல்லை. அதே வளையல் சீர்வரிசைத் தட்டில் பவுன் கணக்கில் சேர்ந்தால் பஞ்சாயத்து வரும்.

நவீனர்களாவது ரஸ்கினைக் காப்பாற்றினார்களா? நியூயார்க்கில் 1958இல் முடிந்த சீக்ரம் கட்டடம், மீஸ் வான் டெர் ரோவின் 38 மாடி. அதன் உண்மையான எஃகு எலும்புக்கூட்டைத் தீ விபத்து விதிகளின்படி கான்கிரீட்டால் மூட வேண்டியிருந்தது. எலும்பு மறைந்துவிட்டதே என்று மீஸ் வெளிப்பக்கம் முழுக்க வெண்கல ஐ-வடிவப் பட்டைகளை ஒட்டினார். கட்டடத்தைத் தாங்குவதில் அவற்றுக்குப் பங்கில்லை. உள்ளே இருக்கும் உண்மையை வெளியே நடித்துக் காட்ட வந்த வேடதாரிகள். கட்டமைப்பின் நேர்மைக்குப் பெயர்போன கட்டடம் அது. எனக்கு அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் திரௌபதி ரதத்தைப் பொய் என்பவர் இதையும் பொய் என்றுதான் சொல்லியாக வேண்டும்.

எழுத்துரு வரையும் மாணவர்களுக்கு இது தினசரி வேலை. ‘ட’வின் தட்டையான அடி கோட்டில் உட்கார்ந்தால் போதும். ‘ல’ போல வளைந்து இறங்கும் எழுத்தை அதே கோட்டில் சரியாக நிறுத்தினால் அது தூக்கிக்கொண்டு நிற்பது போலத் தெரியும். கோட்டைச் சற்றுத் தாண்டவிட வேண்டும். அளவுகோலுக்குத் தப்பு, கண்ணுக்குச் சரி. ஏதென்சின் பார்த்தெனான் கோயில் மேடையும் இப்படித்தான். நேராகத் தெரியும் அந்தத் தளம் நீண்ட பக்கங்களில் நடுவில் சுமார் 11 சென்டிமீட்டர் எழும்பியிருக்கிறது. வாசகரிடம் எழுத்துரு கொடுத்த வாக்கு, எல்லா எழுத்தும் ஒரே மட்டத்தில் தெரியும் என்பது. மில்லிமீட்டர் கணக்கை அவர் கேட்கவே இல்லை.

வாக்கு என்பது எவ்வளவு நுட்பமான சமாசாரம் என்று காட்ட இரண்டு ரயில் வரைபடங்களை எடுத்துக்கொள்கிறேன். மின்சுற்றுப் படம் வரைந்து பழகிய ஹாரி பெக், லண்டன் சுரங்க ரயிலுக்கு 1931இல் ஒரு படம் போட்டார். கோடுகள் கிடையாக, செங்குத்தாக, 45 டிகிரியில் மட்டும். நெரிசலான நகர மையத்தை அகட்டினார், தொலைவான புறநகரைச் சுருக்கினார். முதலில் நிர்வாகம் மறுத்தது. 1933இல் அச்சிட்டதும் மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். தூரத்தைப் பற்றி அந்தப் படம் சொல்வதெல்லாம் பொய். எங்கே மாற வேண்டும், அடுத்தது எந்த நிலையம் என்பதில் ஒரு பொய் இல்லை. பயணி கேட்டது அதைத்தான். பொய்க்கு விலையும் உண்டு: லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவன்ட் கார்டனுக்குச் சுமார் 260 மீட்டர்தான், படத்தில் தெரியும் இடைவெளியை நம்பி ரயிலேறும் வெளியூர்க்காரர்கள் இன்றும் உண்டு.

பெக்கின் வழியில் மாசிமோ விக்னெலி 1972இல் நியூயார்க்குக்கு ஒரு படம் செய்தார். அழகில் பெக்கின் படத்துக்குக் குறைந்ததில்லை, எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஆனால் மக்கள் சண்டைக்கு வந்தார்கள். சென்ட்ரல் பார்க் சுமார் 4 கிலோமீட்டர் நீளம், 0.8 கிலோமீட்டர் அகலம். படத்தில் ஏறக்குறையச் சதுரம், அதுவும் சாம்பல் நிறத்தில். 1979இல் அதை எடுத்துவிட்டு நில அமைப்பை ஒட்டிய வேறொரு படத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரே உத்தி லண்டனில் ஏன் பலித்தது, நியூயார்க்கில் ஏன் பலிக்கவில்லை? நியூயார்க்வாசிக்குத் தன் தெருக்கள் எண்வரிசையில் மனப்பாடம் என்பது ஒரு காரணம். என் கணிப்பில் பெரிய காரணம் அந்தப் பூங்காவே. பூங்காவையும் நீரையும் போட்டவுடன் அது நிலப்படம் என்ற வாக்கைக் கொடுத்துவிடுகிறது. கொடுத்துவிட்டுச் சதுரமாக்கினால் மீறல். கோடுகளோடு நின்றிருந்தால் தப்பித்திருக்கும். லண்டனில் 2009இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. படத்தைச் சுத்தமாக்குகிறோம் என்று தேம்ஸ் நதியை நீக்கினார்கள். அந்த நீலக் கோட்டின் வளைவுகள் நிஜ ஆற்றோடு பொருந்துவதே இல்லை. ஆனாலும் மக்கள் கூச்சலிட்டு, சில மாதங்களில் நதி திரும்ப வந்தது. ஊரின் வடகரை எது, தென்கரை எது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. நியூயார்க்கிலும் 2025இல் விக்னெலியின் சாயல் கொண்ட படம் மறுபடி வந்திருக்கிறது.

புள்ளிவிவரப் படங்களில் வாக்கு இன்னும் கறாரானது, ஏனென்றால் அங்கே நீளம்தான் மொழி. எட்வர்ட் டஃப்டி 1983இல் எழுதிய நூலில் பொய்யை எண்ணால் அளந்தார்: படத்தில் காட்டிய மாற்றத்தை உண்மையான மாற்றத்தால் வகுத்துவிடுங்கள். அவர் எடுத்த உதாரணம் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் வந்தது. கார்கள் ஒரு கேலனுக்கு ஓட வேண்டிய தூரம் 1978இல் 18 மைல், 1985இல் 27.5 மைல். உயர்வு 53 விழுக்காடு. தொலைவிலிருந்து நம்மை நோக்கி வரும் சாலையாக அதை வரைந்ததில் கோட்டின் நீளம் 783 விழுக்காடு கூடிவிட்டது. வகுத்தால் 14.8. அச்சிட்ட எண்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. தேர்தல் காலத்தில் நம் தொலைக்காட்சிகள் காட்டும் பட்டை வரைபடங்களில் அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். எண் சரியாக இருக்கும், பட்டை கட்சி மாறியிருக்கும்.

போலி ஓவியம் பற்றி நெடுநேரம் பேச ஆசை, நேரமில்லை. ஹான் வான் மேகெரென் பதினேழாம் நூற்றாண்டுப் பழைய கிழிசீலையில், செயற்கைப் பிசின் கலந்து வரைந்து, அடுப்பில் சுட்டு எடுத்த ஓவியத்தை 1937இல் ஆபிரகாம் பிரேடியஸ் என்ற பெரிய அறிஞர் அந்த நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நாட்டின் செல்வத்தை நாஜித் தலைவர் கோரிங்குக்கு விற்றதாகக் கைதான மேகெரென், விற்றது நானே வரைந்தது என்று ஒப்புக்கொண்டு, காவலில் இருந்தபடியே இன்னொன்றை வரைந்து காட்டினார். 1947இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, அனுபவிக்குமுன் இறந்தார். பிரேடியஸ் புகழ்ந்த அந்த ஓவியம் ரோட்டர்டாம் அருங்காட்சியகத்துக்குப் போனது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. சாயம் அப்படியே, சீலை அப்படியே. பெயர்ச்சீட்டை மாற்றியதும் அது நேர்மையான ஓவியமாகிவிட்டது, சுமாரானதாகவும் ஆகிவிட்டது.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றிக் கேட்பீர்கள். 2023இல் ஜெர்மானியரான போரிஸ் எல்டாக்சன் அப்படிச் செய்த ஒரு படத்தை உலகளாவிய புகைப்படப் போட்டிக்கு அனுப்பிப் பரிசும் பெற்று, இது புகைப்படமே இல்லை என்று மேடையில் பரிசை மறுத்தார். அவர் படம் யாரையும் ஏமாற்றியிருக்காது, வேறு போட்டிக்குப் போயிருந்தால். பயார் 1840இல் பின்பக்கத்தில் மையால் செய்ததை இவர் விண்ணப்பப் படிவத்தில் செய்தார். தொழில்நுட்பம் புதிது, கேட்க வேண்டிய கேள்வி பழையதே.

இதுவரை பேசியது வாக்கு மீறியவர்களைப் பற்றி. யாருமே பொய் சொல்லாமல் ஒருவர் ஏமாறும் இடங்களும் உண்டு, வடிவமைப்பாளருக்கு அதுதான் கூடுதல் வேலை. நம் நாட்டு உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளி. முன்பு இரண்டும் கட்டத்துக்குள் வட்டமாகவே இருந்தன. பச்சையும் பழுப்பும் பிரித்தறிய முடியாத நிறக்குறை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. குறி உண்மை, அச்சு உண்மை, அவருக்கு மட்டும் அது ஒன்றும் சொல்லவில்லை. 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகளில் அசைவக் குறியை முக்கோணமாக்கினார்கள். ஒரு வடிவத்தை மாற்றிய எளிய வேலை. இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்று கேட்பதைவிட, இதைப் போல வேறு என்ன மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது உங்களுக்கு உபயோகம்.

நான் ஒன்று சொல்கிறேன். மருந்துக் கடையில் பத்து மாத்திரை அட்டையிலிருந்து நான்கை வெட்டிக் கொடுக்கிறார்கள். காலாவதித் தேதி அட்டையின் ஓர் ஓரத்தில், பல சமயம் மையில்லாமல் அழுத்திய எழுத்தில் இருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து 300 மருந்துப் பெயர்களுக்குக் க்யூஆர் குறியோ பட்டைக் குறியோ கட்டாயமாகியிருக்கிறது. கத்தரிக்கோலுக்கு அதுவும் அட்டையின் ஒரு மூலைதான். கம்பெனி பொய் சொல்லவில்லை, கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நோயாளியின் கையில் தேதி இல்லாத நான்கு மாத்திரை. அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயர் மட்டும் மாத்திரைக்கு மாத்திரை திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். பெயர், படலம் செய்யும் இடத்திலேயே முன்கூட்டி அச்சாகிவிடுகிறது. தேதி மாத்திரையை அடைக்கும் இயந்திரத்தில் கடைசியில் விழுகிறது. ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னும் மாதத்தையும் ஆண்டையும் விழவைக்க அந்த இயந்திரத்தில் என்ன மாற்ற வேண்டும், அட்டைக்கு எத்தனை காசு கூடும்? பொதிவடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் யாராவது ஒரு செமஸ்டரை இதற்கு ஒதுக்கி, ஒரு தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்துக் கணக்குப் போட்டு எழுதுங்கள். சரிபார்க்க நான் வருகிறேன்.